ஒரு உலகத்தில் வாங்கிய ஷூ, இன்னொரு உலகத்தில் ஏன் பொருந்துவதில்லை?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் கொடுத்தாகிவிட்டது. அடுத்த வாரமே வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள்: “ரோப்லாக்ஸ் போடலாமா? போர்ட்நைட் போடலாமா?” போட்ட அடுத்த மாதம் இரண்டாவது கேள்வி வரும்: “என் ஆளுக்கு ஷூ வாங்க இருநூறு ரூபாய் வேண்டும்.” காலுக்குப் போடும் ஷூ இல்லை இது. ஸ்கிரீனுக்குள் நடமாடும் ஒரு உருவத்தின் காலுக்கு!

நான் ஆம்பூரில் வளர்ந்து, வேலூரில் என்ஜினியரிங் படித்தவன். இப்போது காலணி வடிவமைப்புக்கான சாப்ட்வேர் எழுதும் வேலை. ஷூவும் கம்ப்யூட்டரும் சேரும் இடத்தில் இருப்பதால், இந்த ஸ்கிரீன் ஷூவைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். எல்லாருடைய கேள்வியும் ஒன்றுதான். “காசு கொடுத்து வாங்கியதை வேறு விளையாட்டுக்கு எடுத்துப் போக முடியவில்லையே, ஏன்? எடுத்துப் போக வழி செய்தால் ஆபத்து ஏதும் உண்டா?” இந்த மாதப் பாடம் இதைப் பற்றித்தான்.

மெய்நிகர் உலகம் என்றால் என்ன?

கம்ப்யூட்டருக்குள் உருவாக்கப்பட்ட ஒரு முப்பரிமாண இடம். அங்கே உங்களுக்கென்று ஒரு உருவம் இருக்கும். அதன் பெயர் ‘அவதார்’. அந்த உருவத்தோடு நீங்கள் நடக்கலாம், பேசலாம், விளையாடலாம், பொருள் வாங்கலாம், விற்கலாம். அதே நேரத்தில் வேறு ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் அதே இடத்தில் இருப்பார்கள். 2003-ல் லிண்டன் லேப் நிறுவனம் தொடங்கிய ‘செகண்ட் லைப்’ இதில் மூத்தவற்றில் ஒன்று. ரோப்லாக்ஸ், போர்ட்நைட், மைன்கிராப்ட் ஆகியவை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிந்த உலகங்கள். இவற்றையெல்லாம் சேர்த்து ‘மெட்டாவெர்ஸ்’ என்று சொல்வார்கள்.

இது நமக்கு எட்டாத சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் ஒரு திருமணம் நடந்தது. வரவேற்பை மட்டும் மணமக்கள் மெட்டாவெர்ஸில் வைத்தார்கள். உறவினர்களும் நண்பர்களும் அவரவர் ஊரிலிருந்தே அவதார்களாக வந்து வாழ்த்தினார்கள். காலமாகிவிட்ட மணமகளின் தந்தைக்கும் ஒரு அவதார் செய்து, அவர் ஆசீர்வதிப்பது போல அமைத்திருந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அந்த வரவேற்பு நடந்த உலகம் ஒருநாள் மூடப்பட்டால், அந்த அப்பாவின் உருவத்தை வேறு உலகத்துக்கு எடுத்துப் போக முடியுமா? முடியும் என்றால், யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாமா? முதல் கேள்வி ‘இணைந்து வேலை செய்தல்’ பற்றியது. இரண்டாவது கேள்வி ‘பாதுகாப்பு, நியாயம்’ பற்றியது. இரண்டையும் பிரிக்க முடியாது.

பழகிய உதாரணம்

யாஹூவிலிருந்து ஜிமெயிலுக்கு மெயில் அனுப்பினால் போய்ச் சேருகிறது. ஒரு நிறுவனத்தின் யுபிஐ ஆப்பிலிருந்து வேறு நிறுவன ஆப்புக்குப் பணம் அனுப்ப முடிகிறது. 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் மொபைல் நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்ற முடிகிறது. எல்லாரும் ஒரே விதிமுறையை ஒப்புக்கொண்டதால்தான் இவை சாத்தியமாயின.

ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தமிழ் வாசகர்களுக்கு நன்றாகவே தெரியும். ஒரு காலத்தில் ஒரு பாண்டில் டைப் செய்த தமிழ்க் கடிதத்தை வேறு பாண்ட் உள்ள கம்ப்யூட்டரில் திறந்தால் கிறுக்கல்தான் தெரியும். திஸ்கி என்று ஒரு முறை; 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாப், டாம் என்று இரண்டு முறைகள்; தனியார் கம்பெனிகளுக்குத் தனித்தனி முறைகள். கடைசியில் யூனிகோடு பரவிய பிறகுதான் எந்தக் கம்ப்யூட்டரிலும் எந்த மொபைலிலும் தமிழைப் படிக்க முடிந்தது. மெய்நிகர் உலகங்கள் இன்று யூனிகோடுக்கு முந்தைய தமிழ் பாண்ட் இருந்த நிலையில்தான் இருக்கின்றன.

ஒரு ஷூவுக்கு நான்கு சோதனை

ஒரு பொருள் ஒரு உலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக நான்கு விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும்.

1. வடிவம்: பைலைப் படிக்க முடிய வேண்டும்.
2. அடையாளம்: வந்திருப்பவர் நீங்கள்தான் என்று தெரிய வேண்டும்.
3. உரிமை: பொருள் உங்களுடையதா, செய்தவர் அனுமதித்தாரா என்று தெரிய வேண்டும்.
4. ஒழுங்கு: அங்கே உள்ள மற்றவர்களுக்கு அதனால் தொல்லை வரக்கூடாது.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. வடிவம்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு இது உடனே புரியும். இங்கிலாந்து அளவில் ஒரு சைஸ் கூடினால் ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர் கூடும். ஐரோப்பிய அளவில் ஒரு சைஸ் கூடினால் சுமார் 6.7 மில்லிமீட்டர்தான் கூடும். அங்கே 8 என்றால் இங்கே ஏறத்தாழ 42. நம் ஊர்ப் பாதங்களுக்கு இந்த இரண்டுமே சரியாகப் பொருந்துவதில்லை என்பதால், சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரால் அளந்து, இந்தியாவுக்கென்று ‘பா’ என்ற அளவு முறையைப் பரிந்துரைத்திருக்கிறது.

கம்ப்யூட்டர் ஷூவிலும் இதே அளவுச் சிக்கல் இருக்கிறது. 30 சென்டிமீட்டர் நீள ஷூவை, மில்லிமீட்டரில் கணக்கு வைக்கும் டிசைன் புரோகிராம் ‘300’ என்று எழுதி வைக்கும். மீட்டரில் கணக்கு வைக்கும் உலகம் அதை அப்படியே எடுத்துக்கொண்டால் 300 மீட்டர் நீள ஷூ வந்து நிற்கும். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரம் அதன் பக்கத்தில் பொம்மை போலத் தெரியும்! மாறாக, மீட்டரில் எழுதிய ‘0.3’ என்ற எண்ணை சென்டிமீட்டராக எடுத்துக்கொள்ளும் உலகத்தில் ஷூ 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். எறும்புக்குத்தான் போடலாம்.

அடுத்தது திசை. சில புரோகிராம்கள் மேல்நோக்கிய திசையை ‘ஒய்’ என்றும், சில ‘இசட்’ என்றும் வைத்திருக்கின்றன. மாற்றிக் கொடுக்காவிட்டால் ஷூ மூக்குக் குப்புற விழுந்து கிடக்கும்.

அதற்கடுத்தது தோலின் தன்மை. பளபளக்கும் பேட்டன்ட் லெதருக்கும் மெத்தென்ற ஸ்வேடுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கம்ப்யூட்டருக்கு எண்களில் சொல்ல வேண்டும். மேற்பரப்பு எவ்வளவு சொரசொரப்பு, வெளிச்சம் பட்டால் எப்படித் திரும்பும், தோலின் மணிமணியான கிரெய்ன் எவ்வளவு மேடு பள்ளம் என்று தனித்தனியாக எழுத வேண்டும். ஒரு உலகம் இவற்றைப் படிக்கும். இன்னொன்று நிறத்தை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டுவிடும். அங்கே உங்கள் ஸ்வேடு ஷூ பிளாஸ்டிக் செருப்பு போலத் தெரியும்.

கடைசியாக எலும்புக்கூடு. ரோப்லாக்ஸின் ‘ஆர்15’ உருவத்துக்கு 15 உறுப்புத் துண்டுகள். வேறு உலகத்து உருவத்துக்கு விரல்கள் கூடத் தனித்தனியாக அசையும். லாஸ்ட் மாறினால் அப்பரையும் மாற்றி வெட்ட வேண்டும் அல்லவா, அதுபோலத்தான்.

இதற்குத் தீர்வாக வந்த பொது வடிவம் ‘ஜிஎல்டிஎப்’. க்ரோனோஸ் குரூப் என்ற தொழில் கூட்டமைப்பு 2015-ல் வெளியிட்டது. 2017-ல் இரண்டாம் பதிப்பு வந்தது. 2022-ல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓவின் ஒப்புதலும் பெற்றது. இதில் அளவு என்றால் மீட்டர்தான், மேலே என்றால் ‘ஒய்’தான் என்று திட்டவட்டமாக எழுதப்பட்டிருக்கிறது. படங்களுக்கு ‘ஜேபெக்’ எப்படியோ, முப்பரிமாணப் பொருள்களுக்கு இது அப்படி. பெரிய காட்சிகளுக்கு, பிக்சார் நிறுவனம் உருவாக்கி 2016-ல் எல்லாருக்கும் திறந்துவிட்ட ‘யுஎஸ்டி’ என்ற வடிவமும் இருக்கிறது.

வீட்டிலேயே செய்து பாருங்கள்

படிப்பதைவிடச் செய்து பார்த்தால் எளிதில் புரியும். செலவு எதுவும் இல்லை. 8 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டர் போதும்.

1. க்ரோனோஸ் குரூப் தன் மாதிரி பைல்களை கிட்ஹப் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ‘ஜிஎல்டிஎப் சேம்பிள் அசெட்ஸ்’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். அதில் ‘மாடல்ஸ்’ போல்டருக்குள் ‘மெட்டீரியல்ஸ் வேரியன்ட்ஸ் ஷூ’ என்று ஒன்று இருக்கும். ஷாப்பிபை நிறுவனம் கொடுத்த ஷூ மாதிரி இது. ‘.ஜிஎல்பி’ என்று முடியும் பைலை டவுன்லோட் செய்யுங்கள்.

2. அடுத்து ‘க்ரோனோஸ் ஜிஎல்டிஎப் சேம்பிள் வியூவர்’ என்று தேடி, அந்தப் பக்கத்தை பிரவுசரில் திறந்து, டவுன்லோட் செய்த பைலை இழுத்து அதன் மேல் விடுங்கள். ஷூ தோன்றும். மவுஸை அழுத்தியபடி நகர்த்தினால் சுழலும். வேரியன்ட் என்ற மெனுவில் ஷூவின் நிறத்தை மாற்றலாம்.

3. இப்போது ‘பிளெண்டர்’ என்ற இலவச புரோகிராமை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்து நிறுவுங்கள். பைல் மெனுவில் இம்போர்ட், அதில் ஜிஎல்டிஎப் என்பதைக் கிளிக் செய்து அதே ஷூவைத் திறங்கள். கீபோர்டில் இசட் கீயைத் தட்டி ‘மெட்டீரியல் பிரிவ்யூ’வைத் தேர்ந்தெடுத்தால் நிறங்கள் தெரியும். என் கீயைத் தட்டினால் பக்கத்தில் ஒரு கட்டம் திறந்து ஷூவின் அளவுகளைக் காட்டும். உங்கள் வீட்டு ஷூவை ஸ்கேலால் அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். நிறம் மாற்றும் மெனு இங்கே உடனே கண்ணில் படாது. செட்டிங்கில் போய் அதைத் தனியாக இயக்க வேண்டும். ஷூ வந்துவிட்டது, அதன் ஒரு வசதி மட்டும் ஒளிந்துகொண்டது.

4. ஷூவின் மேல் கிளிக் செய்து தேர்ந்தெடுத்து, பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் போய் ‘வேவ்பிரன்ட் ஓபிஜே’ என்ற பழைய வடிவத்தில் சேமியுங்கள். புதிய பைல் ஒன்றைத் திறந்து அந்த ஓபிஜேயை இம்போர்ட் செய்யுங்கள். உருவம் அப்படியே இருக்கும். ஆனால் தோலின் படங்கள் பெரும்பாலும் கூட வராது; ஷூ வெளிறிப்போய் நிற்கும். ஓபிஜே பைலில் எலும்புக்கூடோ, அசைவோ, அளவு மீட்டரா சென்டிமீட்டரா என்ற குறிப்போ கிடையாது.

நான்காவது படியில் பார்த்தீர்களே, ‘இது எல்லா இடத்திலும் வேலை செய்யும்’ என்று விளம்பரத்தில் போடுபவர்கள் சொல்லாமல் விடுவது அதைத்தான். பைல் போய்ச் சேருவது வேறு, பொருள் முழுதாகப் போய்ச் சேருவது வேறு.

2. அடையாளம்

2008 ஜூலையில் ஐபிஎம் நிறுவனமும் லிண்டன் லேபும் ஒரு சோதனை செய்தன. செகண்ட் லைப் உலகத்தின் சோதனைப் பகுதியிலிருந்து அவதார்களை ‘ஓபன்சிமுலேட்டர்’ என்ற வேறொரு சர்வரில் இயங்கும் உலகத்துக்கு அனுப்பின. ஆள் போய்ச் சேர்ந்தது. ஆனால் அணிந்திருந்த உடையும் கையில் இருந்த பொருள்களும் கூடப் போகவில்லை! மெய்நிகர் உலகங்களுக்கிடையே நடந்த முதல் பயணங்களில் இது முக்கியமானது.

அதே காலத்தில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகப் பேராசிரியர் கிறிஸ்டினா லோபஸ், ஓபன்சிமுலேட்டர் உலகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் ‘ஹைபர்கிரிட்’ முறையை உருவாக்கினார். இதில் யார் வேண்டுமானாலும் சொந்த சர்வரில் ஒரு உலகம் அமைக்கலாம். அங்கிருந்து உங்கள் உடைமைகளோடு இன்னொருவர் உலகத்துக்குப் போய் வரலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வீட்டுச் சாவி, பீரோ சாவி, வண்டிச் சாவி மூன்றுக்கும் பதில் ஒரே சாவி இருந்தால் என்ன ஆகும்? தொலைந்தால் மூன்றும் போச்சு. ஒரே கணக்கில் பத்து உலகங்களுக்குள் நுழையலாம் என்றால், அந்தப் பாஸ்வேர்டு திருடுபோனால் பத்தும் திருடுபோகும். அதனால்தான் நல்ல முறைகளில் உங்கள் பாஸ்வேர்டைப் புதிய உலகத்திடம் கொடுப்பதே இல்லை. உங்கள் சொந்த உலகம், ‘இவர் எங்கள் ஆள்தான்’ என்று ஒரு தற்காலிகச் சீட்டை மட்டும் கொடுத்து அனுப்பும். அந்தச் சீட்டு சிறிது நேரத்தில் காலாவதியாகிவிடும். எந்தத் தளமாவது “உங்கள் ரோப்லாக்ஸ் பாஸ்வேர்டை இங்கே டைப் செய்யுங்கள், பொருள்களை மாற்றித் தருகிறோம்” என்று கேட்டால், அது மோசடி. உடனே மூடிவிடுங்கள்.

3. உரிமை

நம் பக்கத்துத் தொழிலாளர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி இது.

2021 மே மாதம் இத்தாலியின் கூச்சி நிறுவனம் ரோப்லாக்ஸில் ஒரு கைப்பையை விற்றது. வெறும் படம்தான். முதலில் சொற்ப விலைக்குக் கிடைத்த அது, கைமாறி, ஒரு கட்டத்தில் 4,000 டாலருக்கு மேல் விலைபோனது. அதே மாடலில் உண்மையான தோல் பையின் விலை சுமார் 3,400 டாலர்தான்! வாங்கியவர் அந்தப் பையை ரோப்லாக்ஸை விட்டு வெளியே எங்கும் எடுத்துப் போக முடியாது. பூட்டிய கடைக்குள் வைத்திருக்கும் பொருளுக்குச் சொந்தக்காரர், அவ்வளவுதான்.

“என்எப்டி வாங்கினால் நம் சொந்தம்தானே, எங்கும் எடுத்துப் போகலாமே?” என்று சிலர் கேட்கிறார்கள். என்எப்டி என்பது ஒரு பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறது என்பதற்கான அத்தாட்சி. அந்தப் பொருளை இன்னொரு உலகம் ஏற்றுக்கொண்டாக வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தாது. மெய்நிகர் ஷூக்களுக்குப் பெயர்போன ‘ஆர்டிபேக்ட்’ நிறுவனத்தை 2021 டிசம்பரில் நைக்கி வாங்கியது. 2024 டிசம்பரில் அதை மூடப்போவதாக அறிவித்தது. 2025 ஏப்ரலில் அந்த நிறுவனத்தின் என்எப்டி படங்கள் பலவும் சில மணி நேரம் ஸ்கிரீனில் தெரியாமலே போயின. பதிவேட்டில் பெயர் இருந்தது, பொருளைக் காணோம்!

சரி, பூட்டைத் திறந்துவிட்டால் எல்லாம் நியாயமாகிவிடுமா? அதுவும் இல்லை. 2006 நவம்பரில் செகண்ட் லைப் உலகத்துக்குள் ‘காப்பிபாட்’ என்ற புரோகிராம் பரவியது. எதிரில் தெரியும் எந்தப் பொருளையும் அது நகலெடுத்துவிடும். மெய்நிகர் உடையும் ஷூவும் செய்து விற்றுப் பிழைத்தவர்கள் பயந்துபோய்த் தங்கள் கடைகளை மூடி எதிர்ப்புக் காட்டினார்கள். ஒரு ஜோடி ஷூவைத் திருட வேண்டுமானால் கடைக்குள் புக வேண்டும். ஷூவின் பைலைத் திருட ஒரு கிளிக் போதும்.

ஆம்பூர் தொழிற்சாலைகளில் மாதிரி ஜோடியைச் செய்து வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கூரியரில் அனுப்பி ஒப்புதல் வாங்குவது வழக்கம். இப்போது முதலில் முப்பரிமாண மாதிரியை அனுப்பிவிட்டு, ஒப்புதல் வந்த பிறகு தோலை வெட்டும் பழக்கமும் வந்துகொண்டிருக்கிறது. தோலும் நேரமும் மிச்சம். ஆனால் அந்த பைலுக்குள் ஒரு பேட்டர்ன் மாஸ்டரின் பல வருட அனுபவம் இருக்கிறது. அதை வாங்கியவர் எங்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், விற்கலாம் என்றால் உழைத்தவருக்கு என்ன மிஞ்சும்?

இதற்கு ஒரு நல்ல வழியைக் காட்டியது ஜப்பான். 2018-ல் அங்கே வெளியான ‘விஆர்எம்’ என்ற அவதார் வடிவம், ஜிஎல்டிஎப் மேல் கட்டப்பட்டது. இதில் உருவத்தோடு சேர்த்து அனுமதிகளும் பைலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். இந்த உருவத்தை யார் அணியலாம்? வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாமா? வன்முறைக் காட்சியில் பயன்படுத்தலாமா? மாற்றி அமைக்கலாமா? தோல் மூட்டையோடு டெலிவரி சீட்டு வருவது போல, பைலோடு அனுமதிச் சீட்டும் வருகிறது. கிருஷ்ணகிரித் திருமணத்தில் பார்த்தோமே, மறைந்த தந்தையின் உருவம், அதைப் போன்ற அவதார்களுக்கு இது மிகவும் தேவை. ஆனால் சீட்டில் எழுதியதை மதிப்பதும் மதிக்காததும் அந்தந்த உலகத்தை நடத்துபவர் கையில் இருக்கிறது. எழுதி வைத்தால் மட்டும் திருட்டு நின்றுவிடாது; ஆனால் திருட்டு எது என்று சொல்ல ஆதாரம் கிடைக்கும்.

கமிஷனையும் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரலில் மெட்டா நிறுவனம் தன் ஹொரைசன் உலகத்தில் பொருள் விற்பவர்களுக்கு அறிவித்த கணக்கு இது. விற்ற 100 ரூபாயில் 30 ரூபாய் கருவியின் ஸ்டோருக்கு. மிச்சம் 70 ரூபாயில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 17 ரூபாய் 50 காசு, உலகத்தை நடத்துபவருக்கு. செய்தவர் கைக்கு வருவது 52 ரூபாய் 50 காசு. உலகங்களுக்கு இடையே பொருள் போகும் வழி திறந்தால், கமிஷன் குறைவாக உள்ள உலகத்தில் விற்கலாம். அந்தப் போட்டி வந்தால்தான் செய்தவருக்கு நியாயமான விலை கிடைக்கும். வழி அடைத்திருந்தால் லாபம் யாருக்கு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

4. ஒழுங்கு

2022 பிப்ரவரியில் மெட்டா தன் மெய்நிகர் உலகங்களில் ‘பெர்சனல் பவுண்டரி’ என்ற வசதியைக் கொண்டுவந்தது. மற்ற அவதார்கள் உங்கள் அவதாரை நெருங்கித் தொல்லை கொடுக்காதபடி சுமார் நான்கடி இடைவெளி வைக்கும். பெண்கள் சந்தித்த தொல்லைகளுக்குப் பிறகு வந்த வசதி இது. நல்லதுதான். ஆனால் நீங்கள் அங்கிருந்து வேறு உலகத்துக்குப் போனால் இந்த வேலி கூட வராது. இங்கே நீங்கள் ‘பிளாக்’ செய்த ஆள் அங்கே மறுபடி எதிரில் வந்து நிற்பான். உங்கள் ஷூ மட்டும் கூட வந்து, உங்கள் வேலி வராவிட்டால், அந்த இணைப்பால் பயன் என்ன?

இதன் மறுபக்கமும் இருக்கிறது. ஒரு உலகம் செய்த தடையை எல்லா உலகங்களும் அப்படியே ஏற்றுக்கொண்டால், பொய்ப் புகாரில் மாட்டிய ஒருவன் ஒரே நாளில் எல்லா இடத்திலும் ஊர்விலக்கு ஆவான். அதனால் நீங்கள் செய்யும் ‘பிளாக்’ உங்களோடு எங்கும் வர வேண்டும். நிர்வாகம் செய்யும் தடைக்கு மேல்முறையீடு இருக்க வேண்டும். என் கருத்தில் இதுதான் சரியான வழி.

விளையாட்டில் சமநிலையும் ஒரு பிரச்சினை. ஒருவர் தன் சொந்த சர்வரில், வேகமாக ஓடவைக்கும் ஷூ ஒன்றை ஓசியில் செய்துகொண்டு உங்கள் ஓட்டப்பந்தயத்துக்கு வந்தால்? தோற்றம் மட்டும் வரலாம், சக்தி வரக்கூடாது என்று விதி வைப்பதுதான் வழி. வெளியூர் பேட்டைக் கொண்டு வரலாம். நம் ஊர் மைதானத்தில் நம் ஊர் விதிப்படிதான் ஆட வேண்டும்.

யார் செய்துகொண்டிருக்கிறார்கள்?

2022 ஜூனில் ‘மெட்டாவெர்ஸ் ஸ்டாண்டர்ட்ஸ் போரம்’ என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. மெட்டா, மைக்ரோசாப்ட், எபிக் கேம்ஸ், என்விடியா, அடோபி போன்றவை தொடக்க உறுப்பினர்கள். ஆப்பிளும் ரோப்லாக்ஸும் அந்தத் தொடக்கப் பட்டியலில் இல்லை. இது தானே விதிமுறை எழுதாது, எழுதுபவர்களை ஒன்றுசேர்க்கும். யுஎஸ்டி வடிவத்துக்காக 2023 ஆகஸ்டில் பிக்சார், ஆப்பிள், அடோபி, ஆட்டோடெஸ்க், என்விடியா சேர்ந்து தனிக் கூட்டணி அமைத்தன. ஆகவே மேலே சொன்ன முதல் சோதனையான வடிவத்தில் வேலை வேகமாக நடக்கிறது. உரிமையிலும் ஒழுங்கிலும்தான் இன்னும் மெதுவாக இருக்கிறது. காரணம் எளிது. முதலாவது என்ஜினியர்கள் உட்கார்ந்து பேசித் தீர்க்கும் விஷயம். மற்றவை லாபத்தையும் அதிகாரத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டிய விஷயம்.

விட்டுக்கொடுக்க வைப்பவர்கள் வாடிக்கையாளர்கள்தான். 2018 ஜூனில் போர்ட்நைட் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்தபோது, சோனியின் பிளேஸ்டேஷனில் பயன்படுத்திய கணக்கு அங்கே திறக்கவில்லை. விளையாடுபவர்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் சோனி வழி திறந்தது.

பெற்றோர் கவனத்திற்கு

* பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பொருளை வெளியே எடுத்துப் போக முடியுமா? இந்த உலகம் மூடினால் பணம் திரும்புமா? விளையாட்டுக் காசைத் திரும்ப ரூபாயாக மாற்ற முடியுமா? பெரும்பாலான உலகங்களில் மூன்றுக்கும் பதில் ‘இல்லை’ என்பதே. அப்படியானால் அது சினிமா டிக்கெட் மாதிரியான செலவு. அந்த அளவுக்குள் நிறுத்துங்கள்.

* உலகங்கள் மூடுவது கற்பனை அல்ல. மைக்ரோசாப்டின் ‘ஆல்ட்ஸ்பேஸ்விஆர்’ 2023 மார்ச் 10-ல் மூடப்பட்டது.

* ஒவ்வொரு உலகத்துக்கும் தனித்தனி பாஸ்வேர்டு வையுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். ஓடிபி நம்பரை யாருக்கும் சொல்லக்கூடாது.

* பிள்ளை புதிய உலகத்துக்குள் நுழையும்போதெல்லாம் சாட், வாய்ஸ், நண்பர் வேண்டுகோள் ஆகிய மூன்று செட்டிங்கையும் புதிதாகச் சரிபாருங்கள். பழைய உலகத்தில் செய்தது இங்கே வராது.

* இந்தியாவின் 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் இருப்பவர் குழந்தை. அவருடைய தகவலைப் பயன்படுத்த, சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும். இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. சட்டம் வரும்வரை காத்திருக்காமல் வயதைச் சரியாகக் கொடுத்தே கணக்குத் திறங்கள். வயதைக் கூட்டிப் போட்டால் குழந்தைக்கான பாதுகாப்பு வசதிகள் வேலை செய்யாது.

* பணம் ஏமாந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். குழந்தைக்குத் தொல்லை என்றால் 1098.

சொந்தமாக ஏதாவது உருவாக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் செய்த ஷூவோ, பையோ, கோலமோ, எந்த உலகத்துக்குள் ஏற்றினாலும் அசல் பைலை உங்கள் ஹார்டு டிஸ்கில் ஒரு காப்பி, பென் டிரைவில் ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎல்பி வடிவத்திலும் ஒன்று சேமியுங்கள். செய்தவர் பெயர், தேதி, என்னென்ன அனுமதி என்பதை ஒரு டெக்ஸ்ட் பைலில் எழுதி அதே போல்டரில் போடுங்கள். உலகங்கள் இணைகிற நாளில் எடுத்துக்கொண்டு போக உங்கள் கையில் பொருள் இருக்க வேண்டும் அல்லவா?

முதலில் அந்த ஷூ பைலை டவுன்லோட் செய்து இரண்டு புரோகிராமிலும் திறந்து பாருங்கள். என்ன வந்தது, என்ன விட்டுப்போனது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்தால், அடுத்த முறை இருநூறு ரூபாய் கேட்கும் முன் அவர்களே ஒரு முறை யோசிப்பார்கள்.